பலாலியிலிருந்து மீனம்பாக்கம் வரை

வாடைக்காற்று வீசும் மாதங்களிலே, சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் ஆகாய விமானம் சில நாட்களில் எங்கள் சுன்னாகத்துக்கு மேலாகத் தாழ்ந்து சென்று இறங்கும். அந்த ஓசை கேட்டதும் வகுப்பிற் பாடம் நின்றுவிடும். முப்பத்திரண்டு தலைகள் யன்னற் பக்கம் திரும்பும். முப்பத்து மூன்றாவதாக ஆசிரியரின் தலையும் திரும்பும் என்பதை வாசக நேயர்களிடம் மறைப்பானேன்? 2022 ஆம் ஆண்டு மார்கழியில் அப்படியொரு நாள், ஓசை அடங்கியபின், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"சேர், எங்களுக்குக் கொழும்பு கிட்டவோ, சென்னை கிட்டவோ?"

நாம் கற்பிப்பது கணிதம், பூமிசாத்திரம் அன்று. ஆயினும் இவ்வினா கணிதத்துக்குள் அடங்குவதே என்று கண்டு, அன்றைய பாடத்தைக் கரும்பலகையிலிருந்து துடைத்தோம். பலாலி விமான நிலையம் மத்திய கோட்டுக்கு வடக்கே 9.8 பாகையில் உள்ளது. சென்னையின் மீனம்பாக்கம் ஏறக்குறைய 13 பாகையில் உள்ளது. இரண்டும் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை ஒட்டியே கிடக்கின்றன. ஆகவே ஒன்றுக்கு ஏறத்தாழ நேர் வடக்கே மற்றையது. வடக்குத் தெற்காக ஒரு பாகைக்கு இப்பகுதியில் 110.6 கிலோமீற்றர். பெருக்கிப் பார்த்தால் 354 வரும். பாகையின் பின்னங்களையும் நுணுக்கமாகக் கணக்கிட்டால் 353. பழைய அளவையிற் சொன்னால் சுமார் 220 மைல். இதே முறையில் கொழும்புக் கோட்டைக்கு 317 கிலோமீற்றர், கட்டுநாயக்காவுக்கு 290 கிலோமீற்றர் என்று கண்டோம். திருச்சிராப்பள்ளிக்கு வந்த விடை 184. பையன்கள் நம்பவில்லை, இரண்டாம் முறையும் கணக்கிடச் செய்தார்கள். அதுவும் 184 தான்.

இலங்கையின் தலைநகரிலும் பார்க்கத் தமிழ்நாட்டின் நடுவிலுள்ள திருச்சி எமக்கு எவ்வளவோ அண்மையில் இருக்கிறது என்பது அவர்கள் அதுவரை எண்ணிப் பாராத செய்தி. அந்நாளில் இங்கிருந்து திருச்சிக்கு விமானம் இல்லை. அது 2025 மார்ச் 30 ஆம் திகதிதான் தொடங்கிற்று. நிற்க.

தூரம் முடிந்ததும் நேரம் பற்றிய விசாரணை எழுந்தது. அச்சேவையில் பறப்பது ஏ.டி.ஆர். என்னும் இரண்டு சுழலிகள் பூட்டிய சிறு விமானம். எழுபது பேர் அளவில் ஏறலாம். நிமிர்ந்து பறக்கையில் மணிக்கு 500 கிலோமீற்றர் போகும். அப்படியானால் சென்னைக்கு 42 நிமிடம் போதுமே! ஆனால் நேர அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகவே குறித்திருக்கிறார்கள். மீதி நேரம் எங்கே போகிறது? இந்த வினாவை எழுப்பியவனும் அந்தப் பின்வாங்கு மாணவனே. கணக்கில் அவன் பெற்ற புள்ளிகளை இங்கே சொல்ல மாட்டோம். ஆனால் நல்ல வினா கேட்பதற்குப் புள்ளி வழங்கும் வழக்கம் இருந்தால் அவனே முதல்வன்.

"தைப்பொங்கல் கழிந்ததும் நாம் அந்த விமானத்திற் செல்லப்போகிறோம். கடிகாரமும் கையுமாக இருந்து குறித்து வந்து சொல்கிறோம்" என்று வாக்களித்தோம். போக ஒரு கட்டம், திரும்பி வர ஒரு கட்டம் என்று அட்டவணை ஒன்றை அவர்களே வரைந்து தந்தார்கள்.

அந்தப் பிரயாணம் எமக்காக அன்று, எமது அன்னையாருக்காக. அவர் பிறந்து வளர்ந்தது வசாவிளானில். பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியரால் அமைக்கப்பட்டது. அதன் ஓடுபாதைக்குத் தெற்கே, செம்மண் தோட்டங்களுக்கு நடுவே பாட்டனாரின் வளவு இருந்தது. 1947 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோன் தன் முதலாவது சேவையை இரத்மலானையிலிருந்து தொடங்கியபோது, அந்த விமானம் எங்கள் காங்கேசன்துறைத் தளத்தில் இறங்கி, அங்கிருந்தே சென்னைக்குப் போயிற்று. பலாலித் தளத்தை அக்காலத்தில் அப்பெயராலும் வழங்குவர். அந்தக் கம்பனி வைத்திருந்த மூன்று டக்கோட்டா விமானங்களுள் ஒன்றின் பெயர் சீதாதேவி. இலங்கையிலிருந்து சீதாதேவி மீண்டும் ஒருமுறை ஆகாய மார்க்கமாகப் பாரதம் சென்றாள் என்று பாட்டனார் சொல்லிச் சிரிப்பாராம். முதல் தடவை புஷ்பக விமானம், இரண்டாம் தடவை டக்கோட்டா, அவ்வளவே வித்தியாசம்.

அப்பாட்டனாரே 1964 இல் சென்னையிற் படித்துக்கொண்டிருந்த தம் தம்பியைப் பார்க்க அவ்விமானத்தில் ஏறியவர். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு, தளத்துக்கு நடந்தே போனாராம். மத்தியானச் சாப்பாடு சென்னையில். அன்னையாரும் அவரது தங்கையாரும் வேலிக் கதிகாலைப் பிடித்துக்கொண்டு நின்று விமானம் சிறுத்து மறையும்வரை பார்த்தார்கள். பெரியவர்களானதும் நாங்களும் இதிலே போவோம் என்று பேசிக்கொண்டார்கள். டக்கோட்டா மணிக்கு 290 கிலோமீற்றர் அளவில் பறக்கும் என்று கொண்டால், 353 கிலோமீற்றருக்கு 73 நிமிடம் ஆகும். இன்றைய விமானத்தின் 42 நிமிடத்தோடு ஒப்பிட்டால் அரை மணி வித்தியாசந்தான். புதுப்படம் பார்க்கச் சென்னைக்குப் பறந்து சென்று மீண்ட யாழ்ப்பாணத்தார் இருந்தனர் என்று முதியவர்கள் கதை சொல்வார்கள். கதையிற் பாதியைத் தள்ளிவிட்டாலும், சென்னை அன்று அண்டையூராக இருந்ததென்பது பொய்யன்று.

எழுபதுகளின் இறுதியோடு அச்சேவை நின்றது. பின்னர் வந்தது யுத்தம். 1990 ஆனி மாதத்தில் தளத்தைச் சூழ்ந்த ஊர்கள் யாவும் வெறிதாயின. எமக்கு அப்போது வயது பதினொன்று. அன்னையாரின் குடும்பத்தார் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றக்கூடியவற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு, சுன்னாகத்தில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தார்கள். பறவை பறந்தால் ஆறேழு கிலோமீற்றர் தூரம். சின்னம்மா தம் கணவரோடும் இரு குழந்தைகளோடும் வள்ளத்தில் ஏறி இராமேசுவரம் போனார். மண்டபம் முகாமிற் சிலகாலம். பிறகு சென்னை வளசரவாக்கத்தில் வாடகை வீடு. காங்கேசன்துறைக்கும் கோடிக்கரைக்கும் இடையே கடல் ஐம்பத்தைந்து கிலோமீற்றர் அளவுதான். அந்தக் கடலைச் சின்னம்மா கடந்த பின், அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் காணவில்லை.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை செல்ல விரும்பியவர், முதலிற் கொழும்பு செல்லவேண்டும். தொண்ணூறுகளின் முற்பகுதியிற் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்து, வவுனியாவிலே அனுமதிக்குக் காத்திருந்து, தெற்கே நானூறு கிலோமீற்றர் போய், அங்கிருந்து விமானத்தில் 640 கிலோமீற்றர் வடக்கே வரவேண்டும். 353 கிலோமீற்றர் தூரத்துக்கு ஆயிரத்து நாற்பது கிலோமீற்றர் பயணம். பின்னர் பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம் பறந்த காலமும் இருந்தது. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி அவற்றுள் ஒன்று 55 பேரோடு மன்னார்க் கடலில் வீழ்ந்தது. அதன்பின் அன்னையார் ஆகாய விமானம் பற்றிப் பேசுவதையே விட்டார்.

இங்கே ஒரு சிறு வேடிக்கையையும் மாணவர்களுக்காகச் சொல்லிவைப்போம். 1996 இல் இலங்கைக் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சில மாதங்களில் அதில் அரை மணியைத் திருப்பி எடுத்தார்கள். 2006 சித்திரையிலேதான் பழைய நேரம் மீண்டது. இடைப்பட்ட அக்காலத்திற் பலாலியிலிருந்து சென்னைக்கு எண்பது நிமிட விமானம் ஒன்று இருந்திருக்குமானால், கடிகாரத்தின்படி ஐம்பது நிமிடத்திற் சேர்ந்துவிடும்; திரும்பி வர நூற்றுப்பத்து நிமிடம் பிடிக்கும். நேர அட்டவணையை மட்டும் பார்த்துத் தூரத்தைக் கணிக்கப் புகுவோர் இதை நினைவில் வைத்திருத்தல் நன்று. இன்று இரு நாடுகளுக்கும் ஒரே நேரம், இத்தொல்லை இல்லை.

2002 இற் பாதை திறந்தபோது எம் தந்தையார் நோயிற் கிடந்தார். 2006 இற் பாதை மறுபடி மூடிற்று. யுத்தம் முடிந்தபின் அன்னையாரின் முழங்கால்கள் கொழும்புப் பயணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அகதியாகப் பதிந்திருந்த சின்னம்மாவிடம் கடவுச்சீட்டு இல்லை. ஆகவே 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி பலாலித் தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பர் 11 ஆம் திகதி சென்னைச் சேவை தொடங்கியபோது, முழங்கால் நோவோடு அன்னையார் தாமே எழுந்து வந்து, "மோனை, எனக்குப் பாஸ்போட் எடுக்கவேணும்" என்றார். எடுத்தோம். 2020 சித்திரை வருடப்பிறப்புக்கு இரு சீட்டுக்கள் பதிந்தோம். மார்ச் மாதத்திற் கொள்ளைநோய் வந்து எல்லைகள் மூடப்பட்டன. மறு வருடம் ஆனியிற் சித்தப்பா காலமானார். தகனக் கிரியையை அன்னையார் கைத்தொலைபேசியில் இருந்து பார்த்தார்; படம் இடையிடையே நின்று நின்று வந்தது. விமானம் மறுபடி வந்தது 2022 டிசெம்பர் 12 ஆம் திகதி.

தை மாதத்தின் கடைசி வாரத்தில் ஓட்டோ ஒன்றிற் புறப்பட்டோம். சுன்னாகத்திலிருந்து நிலையம் அரைமணி நேரம். மூன்று மணி நேரம் முந்தியே வரும்படி அறிவித்திருந்தார்கள். பயணப்பெட்டியில் அன்னையாரின் இரு சேலைகள் தவிர, மற்றவை யாவும் சின்னம்மாவின் சொத்து: ஒடியல், பனங்கட்டி, பினாட்டு, மோர்மிளகாய், இடித்த மிளகாய்த்தூள், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு. நிறுவையில் அளவைத் தாண்டிற்று. பனங்கட்டியை விடுவதா, மிளகாய்த்தூளை விடுவதா என்று எம்மைக் கேட்டார்கள். அன்னையார் இரு சேலைகளில் ஒன்றை எடுத்து எம் கைப்பையில் திணித்தார். நிறை சரியாயிற்று.

வாடைக்காற்று எதிர்த்து வீசியபடியால் விமானம் வடகிழக்கு நோக்கி எழும் என்று நாம் கணித்திருந்தோம். அப்படியாயின் வசாவிளான் வலப்பக்கம் வரும். வலப்பக்கச் சாளரத்தருகே அன்னையாரை இருத்தினோம். விமானம் ஓடத் தொடங்கியதும் எம் கண் கடிகாரத்தில்; அவர் கண் சாளரத்தில். தரை விலகிற்று. பச்சைப் பரப்பு ஒன்று சரிந்து எழுந்தது. பனைகள், பற்றைகள், நடுவே சில செம்மண் கீற்றுகள், கூரையில்லாச் சுவர்கள். அன்னையார் எம் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். கடிகாரம் அவர் கைக்குள் மறைந்தது.

"மோனை, அங்கை பார். அந்த ரண்டு தென்னையும் கிணத்தடியும். அது எங்கட வளவு."

எமக்குத் தென்னையும் தெரியவில்லை, கிணறும் தெரியவில்லை. எட்டு வருடப் பழைய மூக்குக்கண்ணாடி வழியாக அவருக்கு எப்படித் தெரிந்ததென்றும் விளங்கவில்லை. "ஓம் அம்மா" என்றோம். அதற்குள் கடற்கரையின் வெள்ளைக் கோடு கடந்து, நீலம் மட்டுமே எஞ்சிற்று. வளவைப் பார்க்க அவருக்குக் கிடைத்தது அரை நிமிடம் இருக்கலாம். முப்பத்திரண்டு வருடமாக, வீட்டிலிருந்து ஆறேழு கிலோமீற்றரில் அவர் காணமுடியாதிருந்த இடம் அது. காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. எங்கள் வளவின் முறை இதை எழுதும் நாள்வரை வரவில்லை.

கடலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இடப்பக்கத்தில் இருந்தவர்கள் நாகபட்டினக் கரை தெரிகிறதென்று பேசிக்கொண்டார்கள். அந்த நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே அவ்வருடமே, 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி, பயணிகள் கப்பல் விட்டார்கள்; அது 110 கிலோமீற்றரை நாலு மணி நேரம் அளவிற் கடக்கும். எமக்கு வலப்பக்கம் நீரே நீர். அன்னையார் தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, பிடியைத் தளர்த்தாமலே உறங்கிப்போனார்.

மாணவர்களுக்கு நாம் கொண்டுசென்ற கணக்கு இது. ஓடுபாதையைச் சக்கரம் விட்டது முதல் மீனம்பாக்கத்திற் சக்கரம் தொட்டது வரை 58 நிமிடம். கதவு சாத்தியது முதல் கதவு திறந்தது வரை ஒரு மணி 21 நிமிடம். கம்பனிகள் குறிக்கும் நேரம் வானில் இருக்கும் நேரம் மட்டுமன்று; நிறுத்துமிடத்திற் சக்கரம் அசைந்தது முதல் மறுகரையில் அது ஓய்ந்து நிற்பது வரை எல்லாம் அதில் அடங்கும். 42 நிமிடம் 58 ஆனதற்கும் காரணம் உண்டு. ஏறும்போது விமானம் மெதுவாகவே போகும். இறங்குமுன் வேகத்தைக் குறைத்து, பெரிய விமானங்களின் வரிசையில் தன் முறைக்குக் காத்து, சற்றே வளைந்து வரும். இவ்வளவு குறுகிய பயணத்தில் முழு வேகத்தோடு பறப்பது நடுவிற் கொஞ்ச நேரந்தான். தூரம் கூடக்கூட இந்த நட்டம் கரைந்துவிடும். சிங்கப்பூர் போகிறவருக்கு அது பெரிதாகத் தோன்றாது.

ஆனால் இந்தக் கணக்கும் முழுக் கணக்கன்று. வீட்டுப் படலையிலிருந்து வளசரவாக்கத்துப் படிக்கட்டு வரை எமக்கு ஏழு மணி நேரம் சென்றது. மீனம்பாக்கத்திற் சுங்க உத்தியோகத்தர் ஒருவர் ஒடியலைக் கையில் எடுத்து இது மருந்தா, மரமா என்று விசாரித்தார். உணவு என்றோம். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, நம்பாமலே விட்டார். பிறகு வாடகைக் கார்; பன்னிரண்டு கிலோமீற்றர் அளவான பாதையிற் சென்னைப் போக்குவரத்து எம்மை ஒரு மணி ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தது. பாக்கு நீரிணையையும் சோழமண்டலக் கரையையும் 58 நிமிடத்திற் கடந்தவர்கள், போரூர்ச் சந்தியைக் கடக்க மாட்டாமல் இருந்தோம்.

சின்னம்மா வாசலில் நின்றார். இருவரும் அதிகம் பேசவில்லை. சின்னம்மா, "என்னக்கா, இவ்வளவு மெலிஞ்சு போனாய்" என்றார். அன்னையார், "நீ ஏனடி தலைக்கு மை பூசேல்லை" என்றார். பிறகு பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூள் சிந்தியிருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். சிந்தித்தான் இருந்தது, இருவரும் தும்மினார்கள், கண்ணீருக்கு அதுவே காரணம் என்று சொல்லிக்கொண்டார்கள். எஞ்சிய பதினொரு நாளும் நாம் அவ்வீட்டில் வேண்டாத மூன்றாம் ஆளாக இருந்து, கன்னிமாராவில் நூல்களைப் புரட்டிப் பொழுது போக்கினோம். இரவில் விளக்கணைத்த பின்னும் அடுத்த அறையிற் பேச்சு ஓயாது. வசாவிளானில் எந்த மாமரம் எந்த மூலையில் நின்றது என்பதில் ஒரு நாள் சண்டையே வந்துவிட்டது.

புறப்படுமுன் சின்னம்மா செய்த காரியம் ஒன்று உண்டு. அக்காவைத் தெருமுனையிலுள்ள கடைக்கு அழைத்துச் சென்று, கண்ணைச் சோதிப்பித்து, புதிய மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். தம் தையற்கூலியிலிருந்து கொடுத்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

திரும்பும் நாளிலும் காற்று வடகிழக்கிலிருந்தே வீசிற்று. விமானம் தென்மேற்காற் சுற்றி வந்து இறங்கும். வசாவிளான் மறுபடி வலப்பக்கமே வரும். அதை நாம் சொல்லுமுன் அன்னையாரே வலப்பக்கச் சாளரத்துக்குச் சென்று அமர்ந்தார். கடல் முழுவதும் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பாற் துடைப்பதும் போடுவதுமாக இருந்தார். எங்கள் சுன்னாகச் சந்தைக் கூரைகள் கீழே வந்தன, போயின. நாம் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டோம். பனைகள் உயர்ந்து வந்தன.

அன்னையார் நெற்றியைச் சாளரத்தில் அழுத்தி வைத்திருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"மோனை, போகேக்க நான் காட்டினது எங்கட வளவில்லை."

"அப்ப எங்கட வளவு எது, அம்மா?"

"தெரியேல்லை. எல்லாம் ஒரே பத்தையாய்க் கிடக்கு."

சக்கரம் நிலத்தைத் தொட்டு, விமானம் ஓடி, வேகம் தணிந்து, கதவைத் திறந்து, எல்லாரும் பெட்டிகளை எடுக்கத் தொடங்கிய பின்புதான் கடிகாரத்தின் நினைவு எமக்கு வந்தது. வகுப்பில் அந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். போன நேரம் எழுதியிருக்கிறது. வந்த நேரத்துக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது. பின்வாங்கு மாணவன் ஏன் என்று கேட்டான். மறந்துபோனோம் என்றோம்.